டூ ஃபேஸா, த்ரீ ஃபேஸா? எண்ணெய் நிலையத்துக்குச் செப்பரேட்டர் வாங்கும் முன்

“எட்டுக் கிணறு. முதல் வருடம் நாளைக்கு 2,000 பேரல் எண்ணெய் வரும் என்கிறார்கள். தண்ணீர் பத்து சதவீதம்தான். டூ ஃபேஸ் செப்பரேட்டர் ஒன்று போட்டுவிட்டு, தண்ணீரை டேங்கில் தெளியவிட்டு இறக்கிக்கொள்ளலாம் என்று பேச்சு அடிபடுகிறது. நீங்கள் என்ன சொல்றீங்க அண்ணா?”

மஸ்கட்டில் ஒரு டிசைன் அலுவலகத்தில் இருக்கும் தம்பி போன மாதம் போனில் கேட்டது இது. செப்பரேட்டர் என்பது கிணற்றிலிருந்து வரும் கலவையை வாயுவாகவும் திரவமாகவும் பிரிக்கும் அழுத்தக் கலன். பத்து நிமிடத்தில் ஏதோ சொல்லி முடித்தேன். வைத்த பிறகு மனது ஆறவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்தவன் நான். இந்தக் கேள்விக்கு அவசரத்தில் எடுத்த முடிவு எத்தனை பேரின் தூக்கத்தை எத்தனை வருடம் கெடுக்கும் என்று பார்த்திருக்கிறேன். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

கிணற்றுத்தலைக்கு வருவது வெறும் எண்ணெய் அல்ல. எண்ணெய், வாயு, உப்புத் தண்ணீர், கொஞ்சம் மணல், சில வயல்களில் மெழுகு எல்லாம் கலந்த கலவை. பூமிக்கு அடியில் அழுத்தத்தில் எண்ணெய்க்குள் கரைந்திருந்த வாயு, மேலே வர வர, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்கிப் பிரிகிறது. கிணற்றுத்தலையில் இருக்கும் சோக் வால்வுதான் இந்த வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் முதல் கடிவாளம். அந்தச் சின்னத் துளை வழியாகக் கலவை சீறிப் பாயும்போது இன்னொன்றும் நடக்கிறது. தண்ணீர் பொடிப்பொடியாக உடைந்து எண்ணெய்க்குள் சிக்கிக்கொள்கிறது. எண்ணெயிலேயே இருக்கும் அஸ்பால்ட்டீன் போன்ற பொருட்கள் ஒவ்வொரு துளியையும் சுற்றித் தோல்போல் படிந்துகொள்வதால், துளியோடு துளி சேர மாட்டேன் என்கிறது. இதுதான் எமல்ஷன். நிலையத்தில் நாம் படும் பாட்டில் முக்கால் பங்கு இந்தத் தோலை உடைப்பதற்குத்தான்.

ஃப்ளோலைன் என்ற கிணற்றுக் குழாய் வழியாக எல்லாக் கிணற்றுக் கலவையும், குழாய்கள் கூடும் மேனிஃபோல்டில் சேர்ந்து செப்பரேட்டருக்குள் நுழைகிறது. டூ ஃபேஸ் என்றால் மேலே வாயு, கீழே திரவம், அவ்வளவுதான். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகவே டேங்குக்குப் போகும். த்ரீ ஃபேஸ் என்றால் அதே கலனுக்குள் தண்ணீரும் தனியாகப் பிரிந்து தன் வழியில் வெளியேறும். தம்பியின் அலுவலகத்தில் மூன்றாவது யோசனை ஒன்றும் இருக்கிறதாம்: முதலிலேயே, மின்புலத்தால் தண்ணீரைப் பிரிக்கும் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ட்ரீட்டர் வாங்கிவிடுவது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டூ ஃபேஸ் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலன் சின்னது. 35 ஏபிஐ டிகிரிக்கு மேற்பட்ட (எண் ஏற ஏற எண்ணெய் இலேசு) இலேசான எண்ணெய்க்கு, திரவம் உள்ளே ஒரு நிமிடம் தங்கினால் போதும் என்கிறது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 12ஜே விதி. அதே எண்ணெய்க்கு த்ரீ ஃபேஸில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். எண்ணெய் கனமாகவும் குளிர்ந்தும் இருந்தால் இருபது, முப்பது நிமிடம்கூட ஆகலாம். டூ ஃபேஸில் ஒரே ஒரு திரவ மட்டத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு லெவல் கண்ட்ரோலர், ஒரு வால்வு. ஆப்பரேட்டருக்கு நிம்மதி, பராமரிப்பும் குறைவு. முதலீடு போடுகிறவருக்கும் சந்தோஷம்.

ஆனால் இந்தக் கணக்கு முதல் வருடத்தின் கணக்கு.

எண்ணெய் வயல் எதுவும் வயதாக ஆகத் தண்ணீரைத்தான் அதிகம் தருகிறது. உலகம் முழுக்க எடுத்தால் ஒரு பேரல் எண்ணெய்க்குச் சுமார் மூன்று பேரல் தண்ணீர் மேலே வருகிறது என்பது இந்தத் தொழிலில் பல வருடமாகச் சொல்லப்படும் கணக்கு. தம்பி சொன்ன எண்களையே எடுத்துக்கொள்வோம். இன்று 2,000 பேரல் எண்ணெய், 10 சதவீதம் தண்ணீர். அதாவது நாளைக்குச் சுமார் 220 பேரல் தண்ணீர். எட்டு வருடம் கழித்து எண்ணெய் பாதியாகி 1,000 பேரல், தண்ணீர் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது மிகைப்படுத்தல் அல்ல, பழைய வயல்களில் அன்றாடம் பார்ப்பதுதான். அப்போது தண்ணீர் 9,000 பேரல். எண்ணெய் பாதியானது, தண்ணீர் நாற்பது மடங்கானது. எண்ணெய் குறையப்போகிறதே, சின்ன நிலையம் போதும் என்று நினைப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வரும் மொத்தத் திரவம் 2,220 பேரலிலிருந்து 10,000 பேரலாக ஏறிவிட்டது.

இதை டேங்கில் தெளியவைக்க எட்டு மணி நேரம் வேண்டும் என்று வைத்தால், இன்று 740 பேரல் கொள்ளளவு போதும். அன்று 3,300 பேரலுக்கு மேல் வேண்டும். த்ரீ ஃபேஸ் கலனில் ஐந்து நிமிடம் தங்கவைக்க, இன்று எட்டு பேரலுக்கும் குறைவான இடம் போதும். அன்று 35 பேரல். இரண்டுமே நாலரை மடங்குதான் வளர்கின்றன. ஆனால் ஒன்று லாரியில் ஏற்றிக் கொண்டுவரக்கூடிய கலன். இன்னொன்று அஸ்திவாரம் தோண்டி, சுற்றிலும் கரை எழுப்பி, நெருப்பு அணைக்கும் குழாயோடு கட்ட வேண்டிய டேங்க்.

நான் வேலை பார்த்த ஒரு பாலைவன நிலையத்தில் இதை நேரில் அனுபவித்தேன். டூ ஃபேஸ் கலன் ஒன்று, பின்னால் இரண்டு டேங்க். மூன்று வருடம் சுகமாக ஓடியது. நான்காம் வருடம் இரண்டு கிணற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. தெளிய எட்டு மணி நேரம் கிடைத்த இடத்தில் ஐந்து, பிறகு மூன்று. ஏற்றிவிட்ட டேங்கர், ‘தண்ணீர் அதிகம்’ என்று திருப்பி அனுப்பப்பட்டு கேட்டில் வந்து நிற்கும். அவசரமாக டேங்கின் அடியைத் திறந்து தண்ணீரை இறக்கினால், கூடவே கறுப்பாக எண்ணெயும் குழிக்குப் போகும். செப்பரேட்டரில் தண்ணீருக்கு ஒரு வழி வெட்டிவிடலாமே என்று கேட்டோம். அழுத்தக் கலனில் புதிதாக நாசில் (குழாய் இணைக்கும் வாய்) வெட்டுவது தகர டப்பாவில் ஓட்டை போடுவது போன்ற வேலை இல்லை. நிலையத்தை நிறுத்தி, கலனைக் கழுவி வாயு நீக்கி, வெட்டி, வெல்டிங் செய்து, தேவைப்பட்டால் வெப்பப் பதம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து, சான்றிதழ் வாங்க வேண்டும். முடியாது என்றார்கள். கடைசியில் வாடகைக்கு ஒரு த்ரீ ஃபேஸ் கலன் வந்து இறங்கியது. சில வாரத்துக்கு என்று வந்தது வருடக்கணக்கில் நின்றது.

டேங்கில் நேரம் அதிகம், அதனால் தண்ணீர் நன்றாகப் பிரியும் என்பது பாதி உண்மை. துளி இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துளி இரண்டு மடங்கு பெரிதானால் நான்கு மடங்கு வேகத்தில் இறங்கும். 1851-இல் ஸ்டோக்ஸ் சொன்ன விதி, இன்றும் நம் கலன்களை ஆள்கிறது. தண்ணீரைவிடப் பத்து மடங்கு பிசுபிசுப்பான எண்ணெய் ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அரை மில்லிமீட்டர் துளி ஐந்து நிமிடத்தில் சுமார் 80 சென்டிமீட்டர் இறங்கிவிடும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் துளி மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கும். நூறில் ஒரு மில்லிமீட்டர் துளி? ஐந்து நிமிடத்தில் அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. அதை டேங்கில் எட்டு மணி நேரம் விட்டாலும் மூன்று சென்டிமீட்டர்தான். அதாவது சுலபமாகப் பிரியக்கூடிய தண்ணீருக்கு டேங்க் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும். பிரிய மறுக்கும் தண்ணீருக்கு டேங்கும் போதாது. நேரம் கொடுத்துப் பயனில்லை, துளியைப் பெரிதாக்க வேண்டும், அல்லது எண்ணெயை இளக்க வேண்டும். எமல்ஷனை உடைக்கும் ரசாயனமான டீமல்சிஃபையர் முதல் வேலையைச் செய்யும், சூடு இரண்டாவதைச் செய்யும்.

டீமல்சிஃபையரை எங்கே ஊற்றுகிறோம் என்பதில் ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது. பலர் செப்பரேட்டர் வாயில் ஊற்றுகிறார்கள். அங்கே கலக்க நேரமில்லை. மேனிஃபோல்டிலோ, முடிந்தால் கிணற்றுத்தலையிலேயோ ஊற்றினால், ஃப்ளோலைனில் வரும் வழியிலேயே கலந்து தன் வேலையைத் தொடங்கிவிடும். செலவும் குறையும்.

சூட்டின் கணக்குதான் எனக்கு இந்த முடிவையே திருப்பிப் போட்ட கணக்கு. எட்டாம் வருடத்துக் கலவையை, அந்த 10,000 பேரலையும், அப்படியே ஹீட்டர் ட்ரீட்டருக்குள் (கலவையைச் சூடாக்கித் தண்ணீரைப் பிரிக்கும் கலன்) விட்டு 20 டிகிரி சூடேற்றுகிறோம் என்று வையுங்கள். எடைக்கு எடை பார்த்தால் தண்ணீர் எண்ணெயைப்போல் இரண்டு மடங்கு சூட்டை விழுங்கும். அளவிலும் ஒன்பது மடங்கு இருக்கிறது. எரிக்கும் வாயுவில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீரைச் சூடாக்கவே போய்விடும். தூக்கி எறியப்போகிற தண்ணீரை! அதே கலவையிலிருந்து தானாகப் பிரியும் தண்ணீரை முதலில் த்ரீ ஃபேஸ் கலனில் கழித்துவிட்டு, இருபது சதவீதம் தண்ணீர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயை ஹீட்டருக்கு அனுப்பினால், தேவைப்படும் சூடு பதினான்கில் ஒரு பங்காகிவிடும். சின்ன ஹீட்டர், சின்ன ஃபயர் டியூப் (உள்ளே நெருப்பு எரியும் குழாய்), குறைவான உப்புப் படிவு. ஃபயர் டியூபில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து, அந்த இடத்தில் இரும்பு பழுத்து ஓட்டையாவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியின் மதிப்பு தெரியும்.

ஆகவே என் விருப்பம் எது என்பது இந்நேரம் தெரிந்திருக்கும். படுக்கைவாட்டில் ஒரு த்ரீ ஃபேஸ் கலன், பின்னால் சின்ன ஹீட்டர் ட்ரீட்டர், கடைசியில் டேங்க். படுக்கைவாட்டில் ஏன் என்றால், அதில் எண்ணெய் குறுக்கே நகர, துளி கீழே இறங்குகிறது. நிற்கும் கலனில் எண்ணெய் மேலே ஏற, துளி அதை எதிர்த்து இறங்க வேண்டும். கடல் மேடையில் இடம் இல்லாதபோதும், மணல் அதிகம் வரும்போதும் நிற்கும் கலன் சரி. தரையில் அதற்குப் பெரிய காரணம் இல்லை.

இனி த்ரீ ஃபேஸ் கலனின் உண்மையான கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் வியாபாரியாகிவிடுவேன்.

வாயுவுக்கும் எண்ணெய்க்கும் இடையிலுள்ள மட்டத்தை அளப்பது சுலபம், அடர்த்தி வித்தியாசம் அவ்வளவு பெரியது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலான கோடு அப்படி இல்லை. 0.85-க்கும் 1.05-க்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் மிதவையோ அழுத்த அளவியோ பிடிக்க வேண்டும். அந்தக் கோடும் கோடாக இருக்காது. எண்ணெயும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் கெட்டியான எமல்ஷன் அடுக்கு ஒன்று நடுவில் தேங்கி நிற்கும். ரேக் லேயர் என்போம். அதற்குள் மிதவை சிக்கினால் பேனலில் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஒரு ராத்திரி பேனலில் தண்ணீர் மட்டம் ஐம்பது சதவீதம் என்று அசையாமல் நின்றது. அசையாத எண் எனக்குப் பிடிக்காது. கலனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சின்னச் சின்ன சாம்பிள் குழாய்கள் இருக்கும். கண்ணாடிக் குடுவையும் டார்ச்சுமாகப் போனேன். கீழ்க் குழாயைத் திறந்தேன், தெளிந்த தண்ணீர், மேலே மெல்லிய எண்ணெய் மினுமினுப்பு. அதற்கு மேல் குழாயைத் திறந்தேன். அங்கே தண்ணீர் வந்திருக்க வேண்டும். வந்தது காய்ச்சிய தேயிலைப் பால் நிறத்தில், நுரைத்து, ஒழுகாமல் கயிறுபோல் இறங்கிய ஒன்று. குடுவையைச் சாய்த்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. அடுத்த குழாயிலும் அதே. ஏறத்தாழ ஒன்றரை அடி கனத்துக்கு ரேக் லேயர் கட்டியிருந்தது, மிதவை அதற்குள் உறங்கிக்கொண்டிருந்தது. டீமல்சிஃபையர் பம்பின் ஸ்ட்ரோக்கைப் பார்த்தேன். ஓடுகிறது, ஆனால் உறிஞ்சும் வடிகட்டி அடைத்து, காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு வழி பக்கெட்-வெயர் அமைப்பு. அதில் எண்ணெய்-தண்ணீர் கோட்டை அளக்கும் கருவியே வேண்டாம். எண்ணெய் ஒரு தடுப்பைத் தாண்டி வழிந்து தன் தொட்டிக்குள் விழும். தண்ணீர் அடி வழியாகப் போய் இன்னொரு தடுப்பைத் தாண்டி வழியும். இரண்டு தடுப்பின் உயர வித்தியாசமே கோட்டை நிறுத்திவைக்கிறது. அரை மீட்டர் எண்ணெய் அடுக்கு வேண்டுமென்றால், மேற்சொன்ன அடர்த்திகளுக்குத் தண்ணீர்த் தடுப்பு சுமார் 95 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். தண்ணீர் அதிகமாக வரும் வயலுக்கும், மெழுகு, எமல்ஷன் தொல்லை உள்ள எண்ணெய்க்கும் இது நல்ல தேர்வு. பாதகம் என்னவென்றால், எண்ணெயின் அடர்த்தி மாறினால் கோடும் தானாக மாறிவிடும், பேனலிலிருந்து நகர்த்த முடியாது. எட்டுக் கிணற்றில் எதைத் திறப்பது எதை மூடுவது என்று அடிக்கடி மாறும் நிலையத்துக்கு, தண்ணீர்த் தடுப்பை ஏற்றி இறக்கும் வசதி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வெயர் (ஒற்றைத் தடுப்பு) கலன்தான் எடுப்பதென்றால், மிதவையோடு நிற்காமல், கம்பி வழியே அலை அனுப்பி மட்டம் அளக்கும் கைடட் வேவ் ரேடாரும், அந்தச் சாம்பிள் குழாய்களும் கட்டாயம். சாம்பிள் குழாயை வரைபடத்திலிருந்து அடிக்க வருபவரிடம் சண்டை போடுங்கள்.

பாதுகாப்பிலும் டூ ஃபேஸ்-டேங்க் ஜோடி எனக்கு நெருடுகிறது. செப்பரேட்டரில் பத்துப் பதினைந்து பார் அழுத்தம். அதற்கு அடுத்தபடி டேங்க். டேங்கின் கூரை தாங்குவது சில சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குரிய அழுத்தம்தான். திரவ மட்டம் இறங்கி, வெளியேறும் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டால், வாயு நேரே டேங்குக்குள் பாயும். கேஸ் ப்ளோபை. கூரை பிய்ந்துகொள்ளும், பிறகு நெருப்புக்கு ஒரு பொறி போதும். 1987 மார்ச் 22-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரோகிராக்கரில் (கனமான எண்ணெயை உடைக்கும் பிரிவு) நடந்தது இதே வகைதான். அதிக அழுத்தக் கலனில் திரவ மட்டம் போய், வாயு குறைந்த அழுத்தக் கலனுக்குள் பாய்ந்து, அது வெடித்தது. ஒருவர் இறந்தார். மட்டம் மிகக் குறைந்தால் தானாக மூட வேண்டிய ட்ரிப் முன்பே துண்டிக்கப்பட்டிருந்தது. மட்டம் காட்டும் கருவி பொய் சொன்னால் எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. 2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கோபுரம் 150 அடிக்கு மேல் நிரம்பியிருந்தபோது, கருவி பத்தடிக்கும் கீழே என்று காட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து பேர் போனார்கள்.

த்ரீ ஃபேஸிலும் ப்ளோபை நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இடையில் ஹீட்டர் ட்ரீட்டர் என்ற அழுத்தம் தாங்கும் இன்னொரு கலன் நிற்கிறது. சரியான அளவில் பாதுகாப்பு வால்வு போட்டால் அடி அதில் விழும், டேங்கில் அல்ல. கடல் மேடைகளுக்காக எழுதப்பட்ட ஏபிஐ 14சி விதியின் அடிப்படை இங்கும் அப்படியே பொருந்தும். ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு தடுப்பு வேண்டும். அழுத்தம் ஏறினால் கிணற்றை மூடும் சென்சர் ஒன்று, அதுவும் தவறினால் ஊதித் தள்ளும் பாதுகாப்பு வால்வு. மட்டம் இறங்கினால் கண்ட்ரோல் வால்வு மூடும், மூடாவிட்டால் தனிச் சென்சரால் இயங்கும் ஷட் டவுன் வால்வு மூடும். மட்டத்தை அளந்து அனுப்பும் ஒரே டிரான்ஸ்மிட்டரை வைத்துக் கண்ட்ரோலும் ட்ரிப்பும் செய்வது காசு மிச்சம்போல் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எலெக்ட்ரோஸ்டாட்டிக் ட்ரீட்டர் அருமையான கருவி. 1911-இல் கலிஃபோர்னியாவில் காட்ரெல் காப்புரிமை எடுத்த யோசனை. அனல் மின் நிலையப் புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் கருவியும் அதே மனிதரின் கைவேலைதான். பல ஆயிரம் வோல்ட் மின்புலத்தில் தண்ணீர்த் துளிகள் இழுபட்டு ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெரிதாகும். ஆனால் தண்ணீர் அதிகமான கலவை உள்ளே வந்தால் மின்தட்டுகளுக்கிடையே ஷார்ட் ஆகி வோல்டேஜ் சரிந்துவிடும். ஆகவே அது முதல் கலனுக்குப் போட்டியே அல்ல, அதற்குப் பின்னால் நிற்க வேண்டியது. கனமான எண்ணெய், உப்பு அளவு கறாராகப் பார்க்கும் வாடிக்கையாளர், நம்பகமான மின்சாரம் மூன்றும் இருந்தால் வாங்குங்கள். எட்டுக் கிணற்று நிலையத்துக்கு இன்று வேண்டாம்.

ஒவ்வொரு கிணறும் தனித்தனியே எவ்வளவு தருகிறது என்று அளக்க டெஸ்ட் செப்பரேட்டரா, பிரிக்காமலே அளக்கும் மல்டிஃபேஸ் மீட்டரா என்றும் தம்பி கேட்டான். சின்ன நிலையத்துக்கு டெஸ்ட் செப்பரேட்டர். பிரதான கலன் பழுதானால் சில கிணறுகளையாவது அதன் வழியே ஓட்டலாம், மீட்டரில் அது முடியாது. வாயுவைப் பற்றியும் ஒரு வரி: ஹீட்டருக்கும் கருவிகளுக்கும் போக மிஞ்சுவதை ஃப்ளேரில் எரிப்பதுதான் திட்டம் என்றால், அதை இன்றைக்கே மாற்றுங்கள். அன்றாடம் எரிப்பதை 2030-க்குள் நிறுத்துவது என்று உலக வங்கி 2015-இல் தொடங்கிய முயற்சியில் பல அரசுகளும் நிறுவனங்களும் சேர்ந்திருக்கின்றன.

பிரித்தெடுத்த தண்ணீர் எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கலன் வாங்குவது, வாய்க்கால் இல்லாமல் மதகு கட்டுவது. தம்பி இருக்கும் ஓமானிலேயே நல்ல பாடம் இருக்கிறது. தெற்கே நிம்ர் வயலில் எண்ணெயைப்போல் பல மடங்கு தண்ணீர் வருகிறது. முன்பு அதை ஆழ்கிணறுகளில் அழுத்தித் தள்ளினார்கள், பம்புகளுக்கு மின்சாரம் ஏராளம் போனது. 2010-களின் தொடக்கத்திலிருந்து பெரும் பகுதியை நாணல் படுகைகளுக்குத் திருப்பிவிட்டார்கள். முதலில், தண்ணீரைச் சுழற்றிப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோனில் எண்ணெய் மிச்சத்தைப் பிடித்துவிடுகிறார்கள். பிறகு நிலத்தின் சரிவிலேயே, பம்பு இல்லாமல், நாணல்களுக்கு இடையே தண்ணீர் ஊர்ந்து போகிறது. நாளைக்கு ஒரு லட்சம் கன மீட்டருக்கு மேல் இப்படிச் சுத்தமாகிறது. பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, மேலே பறவைகள். அங்கே வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் அனுப்பும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனது நிறைகிறது.

அது அகலமான, வறண்ட நிலம். நம் டெல்டாவில் அந்தக் கணக்கு செல்லாது. நரிமணம், கமலாபுரம், கோவில்களப்பால் பக்கம் நிலையத்தின் வேலியை ஒட்டியே நெல் நிற்கிறது. எண்ணெய் கொட்டினால் கண்ணுக்குத் தெரியும். 2017 ஜூன் 30-ஆம் தேதி கதிராமங்கலத்தில் குழாய் கசிந்தபோது ஊரே திரண்டது. உப்புத் தண்ணீர் கசிந்தால் அப்படிக் கறுப்பாகத் தெரியாது. ஆனால் மண்ணில் சோடியம் ஏறினால் மண் இறுகிப்போகும், அந்த வயல் மீள வருடக்கணக்கில் ஆகும். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்கே புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்தது, ஏற்கெனவே ஓடுபவற்றைத் தொடவில்லை. ஓடுபவை வயதாகிக்கொண்டே போகும், வயதான கிணறு தண்ணீர்தான் தரும். ஆகவே டெல்டா நிலையம் எதிலும் முதலில் கேட்க வேண்டியது தண்ணீர்க் குழாயின் வயதையும், அதைத் திரும்பப் பூமிக்குள் செலுத்தும் கிணற்றின் நிலையையும்தான்.

டூ ஃபேஸ் எப்போதுமே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆறு மாதச் சோதனை உற்பத்தி, ஒன்றிரண்டு கிணறு, வாடகைக் கலன், எல்லாத் திரவமும் டேங்கரில் ஏறிப் பெரிய நிலையத்துக்குப் போகிறது என்றால் டூ ஃபேஸ் போதும். வாயுதான் முக்கியம், திரவம் சொற்பம் என்ற கிணறுகளுக்கும் போதும். பக்கத்திலேயே த்ரீ ஃபேஸ் உள்ள பெரிய நிலையம் இருந்து, இங்கே வாயுவை மட்டும் கழித்துவிட்டுத் திரவத்தை அங்கே பம்பு செய்வதென்றாலும் போதும். பத்து வருடம் தனியாக நிற்கப்போகும் நிலையத்துக்கு மட்டும் போதாது.

தம்பிக்கு இரண்டு வேலை சொல்லியிருக்கிறேன். ஒன்று, ஆய்வகத்துக் குப்பியில் வரும் பழைய சாம்பிளை நம்பாமல், ஓடும் கிணற்றிலிருந்து புதிதாகப் பிடித்த எண்ணெயில், கிணற்றடியிலேயே பாட்டில் டெஸ்ட் செய்யச் சொல்வது. வரிசையாகப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டீமல்சிஃபையர், வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஐந்து, பத்து, இருபது, முப்பதாம் நிமிடங்களில் அடியில் எவ்வளவு தண்ணீர் தெளிந்தது என்று குறிப்பது. வெறும் முப்பது நிமிட வேலை, கலனின் நீளத்தையே அது தீர்மானித்துவிடும். சாம்பிள் ஒரு வாரம் பழசானால் எமல்ஷனின் தோல் தடித்துவிடும், அதை வைத்து அளந்தால் தேவைக்கு மேல் பெரிய கலன் வாங்குவார்கள்.

இரண்டாவது, மேலிடம் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் டூ ஃபேஸ்தான் என்று முடிவு செய்துவிட்டால்கூட, கலனின் அடியில் தண்ணீருக்கென்று ஒரு நாசிலும், பக்கவாட்டில் எண்ணெய்-தண்ணீர் கோட்டை அளக்கும் இன்டர்ஃபேஸ் கருவிக்கு இரண்டு நாசிலும், உள்ளே வெயர் தகடு பொருத்தக் கிளிப்புகளும் தொழிற்சாலையிலேயே போட்டு, ப்ளைண்ட் ஃபிளேஞ்ச் என்ற துளையில்லாத தட்டால் மூடி அனுப்பச் சொல்வது. கலனுக்கு முன்னால் இன்னொரு கலன் நிற்கும் அளவுக்கு ஒரு சிமெண்ட் தளமும், மேனிஃபோல்டில் ஒரு காலி வால்வும். நேற்று அவனிடமிருந்து செய்தி வந்தது. நாசில்கள் வரைபடத்தில் ஏறிவிட்டனவாம். வெயர் கிளிப்பைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.